கிணற்றுத் தண்ணீரும் கம்பியில்லா கார்டு ரீடரும்

மாசி மகத்துக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கே மாமாவிடமிருந்து போன் வந்தது. "என் மகள் அனுப்பிய பெட்டி என் போனைக் கெடுத்துவிட்டது. அதைப் போட்டால் வாட்ஸ்அப் நின்றுபோகிறது, அணைத்தால் வந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள் இப்படியா இருக்கும்?"

மாமா கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். நெல்லிக்குப்பத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து தோளில் கேமராவை மாட்டிக்கொண்டு கோயில் கோயிலாகத் திரிகிறார். வீட்டுக்குப் பக்கத்திலேயே தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரி நடந்தாலும், மாசி மகத்துக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்துவிடுவார். மயிலம் முருகனையும் தீவனூர்ப் பிள்ளையாரையும் ஒரே மணலில் பார்க்க முடிவது இங்கேதான் என்பது அவர் கட்சி. அன்று மட்டும் அறுநூறு படங்கள் எடுத்திருந்தார். அவர் திட்டிய பெட்டி, வெளிநாட்டில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய கம்பியில்லா கார்டு ரீடர்.

பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. போனும் நன்றாகத்தான் இருந்தது. வைஃபை, இன்டர்நெட் என்ற இரண்டு சொற்களையும் நாம் எல்லோரும் ஒரே பொருளில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். மாமாவும் அப்படியே நினைத்திருந்தார், குழப்பம் அங்கே தொடங்கியது. அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டால் இந்தப் பெட்டியைப் பற்றிப் புரியாதது என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. மாமாவுக்குப் போனில் சொன்னதையும், பிறகு நேரில் போய் இரண்டு நாள் உட்கார்ந்து செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

சாதாரண கார்டு ரீடர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேமராவின் மெமரி கார்டை அதில் செருகி, அதன் வாலைக் கம்ப்யூட்டரில் செருகினால் படங்கள் திரையில் வந்துவிடும். அதற்குச் சொந்த மூளையும் கிடையாது, சொந்த மின்சாரமும் கிடையாது. கம்பியில்லா ரீடரில் இவை இரண்டும் உண்டு. சோப்பு டப்பா அளவுள்ள அந்தப் பெட்டியில் எஸ்டி கார்டு நுழைய ஒரு பிளவு, பென் டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ செருக ஒரு யூஎஸ்பி துளை, உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சிப், ஒரு வைஃபை ஆன்டெனா. பொத்தானை அழுத்தி ஒரு நிமிடம் பொறுத்தால் அந்தப் பெட்டி தானே ஒரு வைஃபையை உண்டாக்கும். போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் அதன் பெயர் தெரியும். அதில் சேர்ந்துகொண்டால் கார்டில் இருக்கும் படங்களைப் போனிலேயே பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம். கிங்ஸ்டனின் மொபைல்லைட் வயர்லெஸ், ரவ்பவரின் ஃபைல்ஹப், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வயர்லெஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான். கடைசியாகச் சொன்னதில் ஹார்டு டிஸ்க்கும் உள்ளேயே இருக்கும்.

இப்போது வாட்ஸ்அப் ஏன் நின்றது என்பதற்கு வருவோம்.

நான் இருக்கும் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பழைய வீடுகள் பலவற்றில் இரண்டு விதத் தண்ணீர் உண்டு. ஒன்று ஊர்க்குழாயில் வருவது, மற்றொன்று கொல்லைக் கிணற்றிலிருந்து மோட்டார் ஏற்றுவது. குளியலறையில் இரண்டு குழாய்களும் ஒன்றுபோலவே இருக்கும். திறந்தால் இரண்டிலும் தண்ணீர் வரும். ஆனால் கிணற்றுக் குழாய் வீட்டு மதிலைத் தாண்டாது. அதற்கும் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கும் தொடர்பே இல்லை. வைஃபை என்பது குழாய். இன்டர்நெட் என்பது ஊர்த் தண்ணீர். வீட்டில் பிராட்பேண்ட் போட்டவரின் வைஃபை ஊர்க்குழாயோடு இணைந்தது. மாமாவின் பெட்டி ஒரு கிணறு. அதில் இருப்பதெல்லாம் அந்தக் கார்டில் உள்ள அறுநூறு படங்கள் மட்டுமே. போன் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு வைஃபையில்தான் சேரும். கிணற்றுக் குழாயில் வாயை வைத்துக்கொண்டு ஊர்த் தண்ணீர் வரவில்லையே என்று மாமா கோபித்துக்கொண்டிருந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன் சும்மா இருப்பதில்லை. புதிய வைஃபை ஒன்றில் சேர்ந்ததும் வெளியுலகம் எட்டுகிறதா என்று அது தட்டிப் பார்க்கிறது. ஆண்ட்ராய்டு போன் கூகுளின் சர்வர் ஒன்றுக்கும், ஐபோன் ஆப்பிளின் சர்வர் ஒன்றுக்கும் சின்ன விசாரிப்பு ஒன்றை அனுப்பும். பதில் வராவிட்டால் 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று அறிவிப்பு காட்டும். சில போன்கள் அதோடு நிற்காமல், கேட்காமலேயே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்போது வாட்ஸ்அப் வரும், பெட்டி காணாமல் போகும். மாமா பெட்டியை மூன்று முறை அணைத்துப் போட்டதற்கும், பாதியில் படங்கள் நின்றதற்கும் காரணம் இந்தத் தாவல்தான். பெட்டியைப் பற்றி மக்கள் சொல்லும் குறைகளில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

பரிகாரம் எளிது. அந்த அறிவிப்பு வரும்போது கையால் தள்ளிவிடாமல் திறந்து, இணையம் இல்லாவிட்டாலும் இதிலேயே இருக்கட்டும் என்ற பொருளில் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியும் அடங்காத போன் என்றால், வேலை முடியும்வரை மொபைல் டேட்டாவை அணைத்து வைக்கலாம். படத்தை யாருக்காவது அனுப்ப வேண்டுமானால் முதலில் பெட்டியிலிருந்து போனுக்குள் சேமித்துக்கொண்டு, பெட்டியின் வைஃபையிலிருந்து விலகி, அதன் பிறகு அனுப்ப வேண்டும். மாமா இதை ஒரு துண்டுச் சீட்டில் "இறைத்து வை, வெளியே வா, அனுப்பு" என்று எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கிறார்.

பெட்டிக்கென்று நிறுவனம் தரும் செயலி ஒன்று இருக்கும். அது இல்லாமலும் பல பெட்டிகளைத் திறக்க முடியும். பெட்டியின் வைஃபையில் சேர்ந்தபடி, போனின் பிரவுசரில் கையேட்டில் கொடுத்திருக்கும் எண்ணைத் தட்டினால் போதும். பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். வீட்டு ரவுட்டரின் எண்ணும் அப்படித் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். உள்வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று 1994-இல் ஒதுக்கப்பட்ட எண் தொகுதிகளில் அதுவும் ஒன்று. மதிலுக்கு வெளியே அந்த முகவரிக்குப் பொருள் கிடையாது. ஆகவே கிணறு என்று நான் சொன்னது வெறும் உவமை மட்டுமல்ல, அந்த முகவரியிலேயே அது எழுதியிருக்கிறது.

கிணற்றுத் தொட்டியில் ஊர்க்குழாயையும் கொண்டுவந்து இணைக்க வழி உண்டா? உண்டு. அமைப்புப் பக்கத்தில் வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், பெட்டி ஒரு கையால் வீட்டு ரவுட்டரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனுக்குத் தரும். படமும் பார்க்கலாம், வாட்ஸ்அப்பும் ஓடும். ஒரே ஆன்டெனா இரண்டு பக்கமும் பேச வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். விடுதிகளில் அறை எண்ணும் பெயரும் கேட்கும் பக்கம் ஒன்று முதலில் வருமே, அந்த மாதிரி வைஃபையோடு இது பெரும்பாலும் சண்டை போடும். நான் இந்த வசதியை வீட்டில் மட்டும் பயன்படுத்துகிறேன்.

வேகக் கணக்கு

மாமாவின் அடுத்த புகார் வேகம். அறுநூறு படங்களையும் போனுக்கு இழுக்கத் தொடங்கி, காப்பி குடித்து, குளித்து, பூஜையும் முடித்து வந்து பார்த்தால் பாதிகூட முடியவில்லையாம். "அட்டையில் 150 என்று போட்டிருக்கிறதே?"

அட்டையில் போடுவது மெகாபிட் கணக்கு. நாம் படத்தின் அளவைச் சொல்வது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 150 மெகாபிட் என்பது நொடிக்குப் பத்தொன்பது மெகாபைட்டுக்கும் குறைவு. அதுவும் காற்றில் தடையே இல்லாத ஏட்டுக் கணக்கு. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் 'வந்து சேர்ந்தது' என்று மறுமொழி போக வேண்டும், சேராதது திரும்ப வர வேண்டும், கார்டைப் படிக்கும் சின்னச் சிப்புக்கும் மூச்சு வாங்கும். மேஜையில் பெட்டியையும் போனையும் அருகருகே வைத்து நாங்கள் அளந்தபோது கிடைத்தது நொடிக்கு 4 மெகாபைட்.

மாமாவின் கேமரா 24 மெகாபிக்சல். ஜேபெக் என்ற வழக்கமான சுருக்கப் படம் ஒன்று சுமார் 10 மெகாபைட். அறுநூறுக்கு 6,000 மெகாபைட், அதை 4-ஆல் வகுத்தால் 1,500 நொடி, அதாவது இருபத்தைந்து நிமிடம். அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. யாரோ சொன்னார்கள் என்று அவர் ரா படங்களையும் சேர்த்துப் பதிவு செய்கிறார். ரா என்பது கேமரா சமைக்காமல் தரும் பச்சைப் படம். ஒவ்வொன்றும் சுமார் 28 மெகாபைட். அதற்கு மட்டும் எழுபது நிமிடம். இரண்டும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். இதே கார்டை நல்ல யூஎஸ்பி 3 ரீடரில் செருகிக் கம்ப்யூட்டரில் போட்டால், நொடிக்கு 90 மெகாபைட் தரும் கார்டாக இருந்தால், ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கம்பிக்கும் காற்றுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொண்டவருக்கே இந்தப் பெட்டி உதவும்.

ஒப்புக்கொண்ட பிறகு எப்படிப் பயன்படுத்துவது? வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். உறவினருக்கு அனுப்பவும் முகநூலில் போடவும் இருபது படங்கள் போதும். பெட்டி வழியாகப் பார்த்து, பிடித்த இருபதை மட்டும் போனில் சேமித்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மற்ற அத்தனைக்கும் தேவை பத்திரமான இரண்டாவது பிரதி. அதற்குப் பெட்டியின் யூஎஸ்பி துளையில் ஒரு பென் டிரைவையோ கையடக்க ஹார்டு டிஸ்க்கையோ செருகி, கார்டிலிருந்து நேரே அதற்கு நகல் எடுக்கச் சொல்ல வேண்டும். இது காற்றில் போகாமல் பெட்டியின் வயிற்றுக்குள்ளேயே நடப்பதால் விரைவாக முடியும். கம்ப்யூட்டர் இல்லாத இடத்தில், பெரிய போன் இல்லாமல், ஒரு முழுக் கார்டுக்கு இரண்டாம் பிரதி எடுத்துவிடலாம் என்பதுதான் இந்தப் பெட்டியின் உண்மையான பெருமை. மற்றதெல்லாம் துணைக் கறி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தேன். பெட்டியின் சொந்தச் செயலி நகல் எடுக்கும்போது பெட்டிக்குக் கட்டளை மட்டும் போகும், வேலையைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். வேறு பொதுவான ஃபைல் மேனேஜர் செயலி வழியாக அதே வேலையைச் செய்தால், பல நேரங்களில் படம் கார்டிலிருந்து காற்றில் ஏறிப் போனுக்கு வந்து, போனிலிருந்து மறுபடி காற்றில் இறங்கிப் பென் டிரைவுக்குப் போகும். கிணற்றடியில் இருக்கும் தொட்டியை நிரப்ப, தண்ணீரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்ப இறக்கிக் கொட்டுவது போன்ற வேலை. எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க, ஒரு பெரிய வீடியோவை மட்டும் சோதனைக்கு நகல் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனின் வைஃபையை அணைத்துப் பாருங்கள். பெட்டியின் விளக்கு தொடர்ந்து சிமிட்டி, பிறகு திறந்து பார்க்கையில் வீடியோ முழுதாக இருந்தால் உள்ளேயே நடக்கிறது என்று பொருள். சில பெட்டிகளில் இதற்கென்றே தனிப் பொத்தான் உண்டு. அழுத்தினால் கார்டு முழுவதும் நகலாகிவிடும், போனே தேவையில்லை. வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் இந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, இடம். மாமா வைத்திக்குப்பம் மணலிலேயே உட்கார்ந்து முதல் முயற்சியைச் செய்திருக்கிறார். பழைய பெட்டிகள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுபவை. ப்ளூடூத்தும் பெரும்பாலான ஹாட்ஸ்பாட்டுகளும் அதே சந்தில்தான் நடக்கின்றன. அந்தச் சந்தில் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்கக்கூடிய வரிசைகள் மூன்றே மூன்று: 1, 6, 11 என்ற சேனல்கள். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது இந்த அலையை விழுங்கும். ஊரே திரண்டு நிற்கும் தீர்த்தவாரியில் பெட்டி திணறாமல் வேறென்ன செய்யும்? கூட்டம் கலைந்து ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தபின் செய்தால் வேகம் தானாகக் கூடும், கார்டுத் துளையில் மணலும் போகாது. 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள பெட்டி என்றால் அதையே தேர்ந்தெடுங்கள். வேகம் கூடுதல். சுவர் குறுக்கே வந்தால் மட்டும் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

கோப்புறையைத் திறந்ததும் படங்கள் உடனே தெரியாவிட்டால் பதற வேண்டாம். அறுநூறு படங்களுக்கும் சின்னச் சின்ன முன்தோற்றம் தயாரித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பத்து முறை தட்டினால் பத்து முறை மறுபடி தொடங்கும்.

பெயரில் இருக்கும் ஆபத்து

சென்ற ஆண்டு வில்லியனூர்த் தேருக்கு நானும் மாமாவும் சேர்ந்து போயிருந்தோம். அவரிடமும் என்னிடமும் ஒரே நிறுவனத்தின் கேமரா. அன்று மாலை இரண்டு கார்டுகளையும் ஒரே பென் டிரைவுக்கு, ஒரே கோப்புறைக்கு நகல் எடுத்தேன். 'இந்தப் பெயரில் ஏற்கனவே உள்ளது, மாற்றவா?' என்று திரை கேட்டது. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லிவிட்டேன். என் தேர்ப் படங்களின் மேல் மாமாவின் திருவந்திபுரத்துக் கல்யாணப் படங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டன. என் கார்டையும் அன்றிரவே அழித்திருந்தேன் என்பதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இது ஏன் நடக்கிறது? கேமராக்கள் படத்துக்குப் பெயர் வைக்கும் முறைக்கு 1998-இல் ஜப்பானில் ஒரு பொதுவிதி வகுத்தார்கள். டிசிஐஎம் என்ற கோப்புறை, அதற்குள் எண்ணிட்ட கோப்புறைகள், ஒவ்வொரு படத்துக்கும் நான்கு எழுத்தும் நான்கு எண்ணும். எண் 0001-இல் தொடங்கி 9999 வரை போகும். அதற்கு மேல் மறுபடி முதலிலிருந்து வரும். எந்தக் கேமராவின் கார்டிலும் படங்கள் எங்கே இருக்கின்றன என்று பெட்டி கண்டுபிடிப்பது இந்த விதியால்தான். ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்கள் ஒரே பெயரில் படம் எடுப்பதும் இதனால்தான். எனவே ஒவ்வொரு கார்டுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கோப்புறை போடுங்கள். பெயரை 2025-03-12-1 என்று ஆண்டு, மாதம், நாள், கார்டு எண் வரிசையில் வைத்தால் தானாகவே கால வரிசையில் அடுக்கி நிற்கும். அது 2025-இன் மாசி மகத் தேதி. தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். சில பெட்டிகள் தமிழ் எழுத்துகளைக் கட்டம் கட்டமாகக் காட்டுகின்றன, அதனால் எண்களோடு நிறுத்திக்கொண்டேன்.

கார்டின் அளவிலும் ஒரு சிக்கல் வரும். 2 கிகாபைட்டுக்கு மேல் 32 கிகாபைட் வரையுள்ள கார்டுகள் எஸ்டிஹெச்சி வகை, ஃபேட்32 என்ற முறையில் அடுக்கப்பட்டவை. அதற்கு மேல் 2 டெராபைட் வரை எஸ்டிஎக்ஸ்சி. அவை எக்ஸ்ஃபேட் முறை. பழைய பெட்டி சிலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. 64 கிகாபைட் கார்டைப் போட்டால் 'கார்டு இல்லை' என்று சாதிக்கும். அதைப் பார்த்துப் பயந்து 'ஃபார்மேட் செய்யவா' என்பதற்குச் சம்மதித்துவிடாதீர்கள். படமெல்லாம் போய்விடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. பெரிய கார்டில் இருக்கும் நீளமான வீடியோவைப் பழைய பென் டிரைவுக்கு மாற்றும்போது பாதியில் நின்றால் காரணம் பென் டிரைவாக இருக்கலாம். பென் டிரைவை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் எக்ஸ்ஃபேட்டாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது, பெட்டிக்கு அது தெரியும் என்றால்.

எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கிறதே, பலர் அதைத் தொட்டதே இல்லை. அதைக் கீழே தள்ளிவிட்டால் கார்டைப் படிக்கத்தான் முடியும், அழிக்கவோ எழுதவோ பெரும்பாலான கருவிகள் மறுத்துவிடும். பெட்டியில் செருகும் முன் தாழ்ப்பாளைப் போடுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். மறுபடி கேமராவில் போடும்போது திறக்க மறந்து, பிள்ளையார் கடலில் இறங்கும் நேரத்தில் 'கார்டு பூட்டப்பட்டுள்ளது' என்று கேமரா சொன்னதும் உண்டு.

நகல் முடிந்தபின் கார்டை உடனே அழிக்காதீர்கள். இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றா, மொத்த அளவு ஒன்றா என்று பாருங்கள். முதல் படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம் மூன்றையும் முழு அளவில் திறந்து பாருங்கள். வீட்டுக்கு வந்து மூன்றாவதாக இன்னொரு இடத்திலும் ஏறிய பிறகு, கார்டைக் கேமராவில் வைத்தே ஃபார்மேட் செய்யுங்கள்.

கடவுச்சொல்

புதிதாக வாங்கிய பெட்டிகள் பலவற்றில் பூட்டே இருக்காது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கூட அதில் சேர்ந்து, உங்கள் வீட்டு விசேஷப் படங்களைப் பார்க்கலாம், அழிக்கவும் செய்யலாம். முதல் நாளே அமைப்புப் பக்கத்துக்குப் போய் டபிள்யூபிஏ2 என்ற பூட்டைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல் வையுங்கள். அமைப்புப் பக்கத்துக்கே ஒரு கடவுச்சொல் இருந்தால் அதையும் மாற்றுங்கள். மறந்துவிட்டால் பெட்டியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். குண்டூசியால் சில நொடிகள் அழுத்தினால் பிறந்த நாளின் நிலைக்குத் திரும்பிவிடும். கார்டில் உள்ள படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

வைஃபையின் பெயரையும் மாற்றலாம். மாமா 'கிணறு' என்று ஆங்கில எழுத்தில் வைத்தார். இரண்டு நாளில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து "தாத்தா, கிணறு வைஃபைக்குப் பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டிருக்கிறான். அதில் நெட் வராது என்று அவர் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லையாம். கஞ்சப் பெயர்தான் மிச்சம்.

சினிமா பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது இந்தப் பெட்டிக்குச் சுலபமான வேலை. இரண்டு மணி நேரத் திரைப்படம் ஒன்றரை கிகாபைட் என்றால், நொடிக்கு இரண்டு மெகாபிட்கூட ஆகாது. திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறிச் சென்னை வரைக்கும் மூன்று பிள்ளைகள் மூன்று போனில் மூன்று படம் பார்க்கலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் நிற்காது. மூன்று பேர் என்பது சில பெட்டிகளின் வரம்பு, கையேட்டில் பாருங்கள். படம் ஓடாமல் சத்தம் மட்டும் வந்தால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். பெட்டி பரிமாறும் ஆள்தான், மென்று விழுங்குவது போன். விஎல்சி போன்ற பிளேயரில் திறந்தால் பெரும்பாலும் ஓடிவிடும். கேமராவில் எடுத்த 4கே வீடியோவை மட்டும் இப்படி நேரடியாகப் பார்க்க முயல வேண்டாம். அது நொடிக்கு 100 மெகாபிட் கேட்கும். நாங்கள் அளந்ததோ 32.

பேட்டரி இருப்பதால் இதைப் பவர் பேங்காகவும் பயன்படுத்தலாம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறியபின் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்த கடலூர்க்காரர்களுக்கு அந்த வரி கவர்ச்சியாகத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 எம்ஏஹெச் பேட்டரி 3.7 வோல்ட்டில் 18.5 வாட்-மணி. இன்றைய போன்களின் பேட்டரியும் ஏறக்குறைய அதே அளவுதான், நடுவில் மாற்றும்போது வீணாவதும் உண்டு. ஒரு போனை ஒரு முறைகூட முழுதாக நிரப்பாது. அவசரத்துக்கு ஆகும், புயலுக்குப் போதாது. நகல் எடுக்கும் நாளில் அதை உறிஞ்சவே கூடாது. பாதி நகலில் பெட்டி அணைந்தால் கார்டின் அடுக்கே குலைந்துபோக வாய்ப்பு உண்டு. விமானத்தில் போகும்போது லித்தியம் பேட்டரி இருப்பதால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சொல்: ஏசி அறையிலிருந்து எடுத்தவுடன் வெளிக்காற்றில் திறக்காதீர்கள், கண்ணாடியில் பனி பிடிப்பது போல உள்ளேயும் ஈரம் பிடிக்கும். பைக்குள்ளேயே கால் மணி நேரம் இருக்கட்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, எனக்கும் ஒன்று வாங்கவா என்று கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓடிஜி கார்டு ரீடரைப் போனின் அடியில் செருகினால் போதும். வைஃபை, கடவுச்சொல், தாவல் எந்தத் தொல்லையும் இல்லை, வேகமும் அதிகம். ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் வெளி டிரைவுகளைத் திறக்கலாம். 2023-இன் ஐபோன் 15-லிருந்து டைப்-சி துளையே வந்துவிட்டது. புதிய கேமராக்கள் பலவற்றில் வைஃபையும் உள்ளேயே இருக்கிறது. போனில் இடமே இல்லாதவர், கம்ப்யூட்டர் இல்லாமல் பல நாள் சுற்றுபவர், எடுத்த படத்தைக் குடும்பத்தில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் காட்ட ஆசைப்படுபவர் — இவர்களுக்குத்தான் பெட்டி.

பழைய பெட்டியை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால், காசு கொடுக்கும் முன் அதன் செயலி இன்னும் செயலிக் கடையில் கிடைக்கிறதா, உங்கள் போனில் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பெட்டி பத்து வருடம் உழைக்கும், செயலியை நிறுவனம் எப்போது கைவிடும் என்பது அதன் கையில். பிரவுசரில் எண்ணைத் தட்டினாலே திறக்கும் பெட்டி என்றால் அந்தக் கவலை இல்லை. மாமாவுடையது அப்படித் திறக்கிறது. மகளிடம் அதைச் சொல்லவில்லை. செயலி ஓடவில்லை என்று சொல்லிப் புதிதாக ஒன்று கேட்டிருக்கிறார்.